இரைப்பையின் மறை கண்ட மருத்துவரும் உடல் ஈந்த தொழிலாளியும்

மக்களைப் பற்றும் பிணிகளுள் நாள் தவறாது வருவது பசியொன்றே. ஏனைய நோய்கள் ஒருகால் மருந்தால் தீர்ந்தபின் மீண்டு வாராமலும் போகலாம். பசியோ காலையில் தீர்த்தால் நண்பகலில் மறுபடியும் வாயிலில் வந்து நிற்கும். இதுபற்றியே நம் முன்னோர் அதனைப் பசிப்பிணி என்றனர். சோறிடும் வள்ளலைப் பசிப்பிணி மருத்துவன் என்று போற்றினர். வயிற்றினுள் ஒரு தீயுண்டென்றும், உண்ட உணவை அத்தீயே சமைத்து உடம்பிற்கு உரமாக்குகின்றதென்றும் அவர் கருதினர். மணிமேகலையில் வரும் காயசண்டிகை, எத்துணை உண்டும் அடங்காத யானைத்தீ நோயால் வருந்தியதனைக் கற்றார் அறிவர்.

தீயெனப்பட்ட அப்பொருள் யாது? அஃது எவ்வாறு சோற்றைக் கரைக்கின்றது? இவ்வினாக்களுக்கு விடை காணுதல் நெடுங்காலம் எந்நாட்டார்க்கும் அரிதாயிருந்தது. மூடிய பானையுள் வேகும் உலையை மூடியைத் திறந்து பார்க்கலாம். உயிரோடிருக்கும் ஒருவனது இரைப்பையைத் திறந்து பார்த்தல் எங்ஙனம்? அங்ஙனம் பார்க்கும் வாய்ப்பு 1822ஆம் ஆண்டில், வட அமெரிக்காவில் ஒரு சிறு தீவில், ஒரு துப்பாக்கியின் வெடியால் நேர்ந்தது. அவ்வாய்ப்பைக் கைவிடாது பயன்படுத்திய மருத்துவர் வில்லியம் போமான்ட் என்பார். வெடிபட்டுத் தம் உடம்பையே ஆராய்ச்சிக் கூடமாக்கக் கொடுத்தவர் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் கூலித் தொழிலாளி. இவ்விருவர் வரலாற்றையும் ஒருங்கே வைத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். முன்னவர் பெயரை மருத்துவ நூல்களெல்லாம் ஓதுகின்றன. பின்னவர்க்கு உலகம் பட்ட கடனை எண்ணுவார் சிலரே.

போமான்டுக்கு முன்னிருந்த அறிஞர் இரைப்பையின் தொழிலைப் பற்றிப் பலவாறு வழக்கிட்டனர். உணவு அங்கே வெப்பத்தால் வேகின்றது என்றார் சிலர். புளித்துப் பொங்குகின்றது என்றார் வேறு சிலர். அம்மியில் அரைப்பதுபோல் அரைபடுகின்றது என்றார் மற்றுஞ் சிலர். பிரெஞ்சு நாட்டு ரேயோமூர் என்பவர் ஒரு பருந்தினத்துப் பறவைக்குத் துளையிட்ட உலோகக் குழலுள் இறைச்சியை இட்டு விழுங்கச் செய்தார். குழல் தடுத்தமையால் இறைச்சி அரைபட வழியில்லை; ஆயினும் அது கரைந்தது. இத்தாலி நாட்டு ஸ்பல்லன்சானி என்பவரோ துணிப்பைகளில் உணவை வைத்துத் தைத்துத் தாமே விழுங்கினார். இவர்களால் இரைப்பையில் கரைக்கும் நீரொன்று உண்டென்பது புலனாயிற்று. 1824ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியில், இலண்டன் மருத்துவர் வில்லியம் பிரவுட் என்பார், விலங்குகளின் இரைப்பை நீரிலுள்ள புளிப்பு உப்புத் திராவகமே என்று காட்டினார். ஹைட்ரோகுளோரிக் அமிலம் என இக்காலத்துப் பள்ளிப் பிள்ளைகள் படிப்பது அதுவே. எனினும், உயிருள்ள மனிதன் வயிற்றில் உணவு படும் பாட்டைக் கண்ணாற் கண்டு நாழிகை தோறும் எழுதி வைத்தாரிலர். அக்குறை போமான்டால் நீங்கிற்று.

போமான்ட் 1785ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்து லெபனான் என்னும் ஊரில் ஓர் உழவர் குடியிற் பிறந்தார். இளமையில் வீட்டைவிட்டு வடக்கே சென்று, நியூயார்க் மாநிலத்துச் சாம்பிளேன் என்னும் சிற்றூரில் பள்ளி ஆசிரியரானார். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, ஒழிந்த பொழுதில் மருத்துவ நூல்களை இரவல் வாங்கிப் படித்தார். அவர் எந்தப் பல்கலைக் கழகத்திலும் பயின்றவரல்லர். வெர்மாண்ட் மாநிலத்தில் ஒரு மருத்துவரிடம் மாணாக்கராயமர்ந்து, ஆசான் செய்வன கண்டு தொழில் கற்று, 1812ஆம் ஆண்டில் மருத்துவம் செய்யும் உரிமை பெற்றார். அவ்வாண்டே அமெரிக்கர்க்கும் ஆங்கிலேயர்க்கும் போர் மூண்டது. போமான்ட் படையில் துணை மருத்துவராகச் சேர்ந்து, குண்டடிபட்டாரைக் காக்கும் கலையைப் போர்க்களத்திலேயே பயின்றார். அப்பயிற்சி பின்னர் எத்துணைப் பயன்பட்டது என்பதைக் காண்போம்.

1820ஆம் ஆண்டில் அவர் மாக்கினா என்னும் தீவிலிருந்த கோட்டைக்குப் படை மருத்துவராக அனுப்பப்பட்டார். அமெரிக்காவின் பேரேரிகள் இரண்டு கூடுமிடத்து உள்ளது அத்தீவு. குளிர்காலமெல்லாம் காட்டில் விலங்குகளைப் பிடித்த வேடர்கள், கோடை வந்ததும் மயிர்த்தோல்களை ஓடங்களில் ஏற்றிக்கொண்டு அங்கே வந்து கூடுவர். தோல் வாணிகக் குழுமத்தின் பண்டசாலை அங்கிருந்தது. அக்குழுமத்துக்குக் கூலிக்கு ஓடம் வலித்தும் சுமை தூக்கியும் உழைத்தவருள் ஒருவரே அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின். கனடாவில் பிரெஞ்சு மொழி பேசும் குடியிற் பிறந்தவர், எழுத்தறியாதவர், அப்போது இருபது வயதளவினர்.

1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் அப்பண்டசாலையில் ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தற்செயலாக வெடித்தது. சில அடி தொலைவில் நின்ற செயின்ட் மார்ட்டின் இடப்புற விலாவில் ரவைகள் பாய்ந்தன. விலா எலும்புகள் முறிந்தன; தசை சிதறியது; நுரையீரலின் ஒரு பகுதியும் இரைப்பையின் ஒரு பகுதியும் வெளியே பிதுங்கின. இரைப்பையிலும் துளை விழுந்து, அன்று காலையில் உண்ட உணவு புண்வாயின் வழியே ஒழுகியது. ஓடிவந்து பார்த்த போமான்ட், இவ்விளைஞர் பிழையார் என்றே முதற்கண் எண்ணினார். ஆயினும் தம்மாலியன்ற அனைத்தும் செய்தார். பதினேழு நாள் வரையில் வாய்வழி உட்கொண்டது யாவும் புண்வழியே வெளியேறிற்று. மருத்துவர் நாள்தோறும் புண்ணைக் கழுவிக் கட்டி, சிதைந்த எலும்புத் துண்டுகளை நீக்கி, மெல்ல மெல்ல உயிரை மீட்டார்.

உயிர் மீண்டது, துளை மூடவில்லை. கிழிந்த இரைப்பையின் ஓரம் விலாப்புறத்துப் புண்ணின் ஓரத்தோடு ஒட்டி வளர்ந்தமையால், உடம்பின் புறத்தேயிருந்து இரைப்பையின் உள்ளே செல்லும் வாயில் ஒன்று நிலையாக அமைந்துவிட்டது. நாளடைவில் இரைப்பையின் உட்தோலே ஒரு மடிப்பாக வளர்ந்து அவ்வாயிலுக்குக் கதவுபோல் நின்றது. விரலால் அதனைத் தள்ளினால் உள்ளே நிகழ்வதெல்லாம் காணலாம். விட்டுவிட்டால் தானே மூடிக்கொள்ளும்.

இதனிடையே பிறிதோர் இடர் வந்தது. உழைக்கும் வலியிழந்த அவ்விளைஞரைத் தொடர்ந்து காக்க ஊரார் மறுத்தனர். நெடுந்தொலைவிலுள்ள அவர் தாய்நாட்டுக்கு ஓடத்தில் ஏற்றி அனுப்பிவிட முனைந்தனர். அந்நிலையில் அத்தகைய பயணம் அவர்க்குச் சாவே ஆகும். 1823ஆம் ஆண்டில் போமான்ட் அவரைத் தம் வீட்டிற் சேர்த்துக்கொண்டார். தம் சிறு ஊதியத்திலிருந்து உணவும் உடையும் தந்து, புண்ணுக்கு மருந்திட்டுப் பேணினார். இவ்வறத்தை நாம் மறத்தலாகாது. உடல் தேறியபின் செயின்ட் மார்ட்டின் அவ்வீட்டில் விறகு பிளந்தும் ஏவல் செய்தும் வரலாயினர்.

ஆராய்ச்சி 1825ஆம் ஆண்டிற் தொடங்கிற்று. ஆகஸ்டு முதல் நாள் நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் போமான்ட் சிறு சிறு உணவுத் துண்டுகளைப் பட்டுநூலிற் கட்டித் துளைவழியே இரைப்பையுள் இறக்கினார். மசாலையிட்டுச் சமைத்த மாட்டிறைச்சி, உப்பிட்ட பச்சைப் பன்றிக் கொழுப்பு, உப்பிட்ட பச்சை மாட்டிறைச்சி, அதனையே வேகவைத்தது, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோசு என்பன அவை. செயின்ட் மார்ட்டின் வழக்கம்போல் வீட்டுவேலை பார்த்துக்கொண்டிருக்க, மணிக்கு ஒருமுறை நூலை வெளியே இழுத்துப் பார்த்து எழுதி வைத்தார். ஒரு மணிக்குக் கோசும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன, இறைச்சிகள் மாறவில்லை. இரண்டு மணிக்குக் கோசும் ரொட்டியும் பன்றிக் கொழுப்பும் வேகவைத்த இறைச்சியும் நூலிலிருந்து முற்றும் மறைந்துபோயின. உணவு கரையும் வேகம் அதன் வகைக்கேற்ப வேறுபடுவதனை இவ்வாறு அவர் கண்கூடாகக் கண்டார்.

மற்றொருநாள் வெப்பமானியைத் துளைவழிச் செலுத்தினார். பாதரசம் 100 பாகை பாரன்ஹீட்டில் நின்றது. இரைப்பை நீரைக் குழாயால் வெளியே எடுத்து, ஒரு சிறு புட்டியில் இறைச்சித் துண்டோடு இட்டு, அதே வெப்பமுள்ள நீரில் புட்டியை நிறுத்தி வைத்தார். உடம்பிற்கு வெளியே, கண்ணாடிப் புட்டியினுள்ளும் இறைச்சி கரைந்தது. இரைப்பையினுள் கரைவதனினும் தாழ்த்துக் கரைந்தது. வேதல், புளித்தல், அரைத்தல் என்று முன்னோர் இட்ட வழக்கெல்லாம் இச்சிறு புட்டியால் தீர்ந்தது. உணவைக் கரைப்பது அந்நீரின் இரசாயன ஆற்றலே. நம்மவர் தீயெனக் கூறியதற்கு ஒரு புளிப்பு நீரின் உருவம் தெரிந்தது.

செயின்ட் மார்ட்டின் இச்சோதனைகளை விரும்பி ஏற்றாரல்லர். வெறும் வயிற்றோடு நெடும்பொழுது கிடக்க வேண்டும். நீரை உறிஞ்சி எடுக்கும்போது வயிற்றில் ஒருவகைச் சோர்வும் மயக்கமும் தோன்றும். 1825ஆம் ஆண்டிலேயே மருத்துவரிடம் விடைபெறாது அவர் கனடாவுக்குச் சென்றுவிட்டார். அங்கே மணம் புரிந்து மக்களைப் பெற்றார். மீண்டும் ஓடம் வலித்துப் பிழைத்தார். போமான்ட் விடாது தேடி, தோல் வாணிகக் குழுமத்தார் வழியாக அவரிருப்பிடம் அறிந்து, 1829ஆம் ஆண்டில் மனைவி மக்களோடு தமதிடம் வருவித்தார். அப்போது மருத்துவர் மிசிசிப்பி ஆற்றங்கரையிலிருந்த கிராபோர்டு கோட்டையில் பணிபுரிந்தார். அங்கே 1831ஆம் ஆண்டு வரையில் சோதனைகள் நிகழ்ந்தன.

அடுத்த ஆண்டில் இருவர்க்குமிடையே உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது. ஓராண்டுக்கு உணவும் உடையும் உறையுளும், 150 டாலர் பணமும் மருத்துவர் தரவேண்டும். மருத்துவர் செல்லுமிடமெல்லாம் உடன்சென்று, அவர் வேண்டும் சோதனைகட்குத் தம் இரைப்பையை உட்படுத்தித் தொழிலாளி உதவவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத செயின்ட் மார்ட்டின் அதன்கீழ்த் தம் கீறலை இட்டார். தம் உடம்பினுள் நிகழ்வதனை ஆராயவிட்டு ஒருவர் கூலி பெற எழுதிய ஆவணங்களுள் இது மிகப் பழையதாக எண்ணப்படுகின்றது.

போமான்ட் தாம் கண்டதைத் தம்மளவில் நிறுத்தினாரல்லர். இரைப்பை நீரை வர்ஜீனியாப் பல்கலைக் கழகத்து டங்ளிசன், யேல் கல்லூரியின் சில்லிமன் ஆகிய இரசாயன அறிவுடையார்க்கு அனுப்பினார். சுவீடன் நாட்டுப் பெர்சீலியஸ் என்னும் பேரறிஞர்க்கும் கடல் கடந்து ஒரு புட்டி சென்றது. டங்ளிசன் அதில் உப்புத் திராவகம் உண்மையைத் தெளிந்தார். அமிலம் ஒன்றே அன்றி, கரைக்கும் ஆற்றலுடைய பிறிதோர் பொருளும் அந்நீரில் உண்டு என்பதும் போமான்டின் கருத்து. 1836ஆம் ஆண்டில் ஜெர்மானியர் தியோடர் ஷ்வான் அப்பொருளைக் கண்டு பெப்சின் எனப் பெயரிட்டார்.

1833ஆம் ஆண்டில் போமான்டின் நூல் பிளாட்ஸ்பர்க் என்னும் ஊரில் அச்சாயிற்று. இருநூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளும், அவற்றினின்று அவர் துணிந்த 51 முடிபுகளும் அதில் அடங்கின. பல உணவுகள் கரையும் நேரத்தை அட்டவணையாகவும் தந்தார். வேகவைத்த அரிசி 1 மணி; காய்ச்சிய பால் 2 மணி; பச்சை முட்டை 2 மணி; அதனையே கெட்டியாக அவித்தால் மூன்றரை மணி; வாட்டிய பன்றியிறைச்சி ஐந்தேகால் மணி. இவை ஒருவருடைய வயிற்றிற் கண்ட கணக்காதலின் எல்லார்க்கும் அவ்வாறே பொருந்துமென்று கொள்ளற்க. எனினும், சோறுண்ணும் நம்மனோர் விரைவிற் பசிப்பதும், கொழுப்புணவு நெடும்பொழுது வயிற்றில் தங்குவதும் இதனால் விளங்கும்.

அந்நூலில் நம் இல்லங்களிற் படித்துக் காட்டத்தக்கன இரண்டு உள. ஒன்று, சினத்தின் இயல்பு. செயின்ட் மார்ட்டின் சினந்த வேளையிலும் அஞ்சிய வேளையிலும் இரைப்பையின் உட்புறம் நிறமாறிச் சாறு சுரத்தல் குன்றியதைப் போமான்ட் கண்டார். உண்ணும் இலையின் முன் ஒருவரையொருவர் கடிந்துகொள்ளும் வழக்கமுடையார் இதனைச் சிந்திப்பாராக. மற்றொன்று, கள்ளின் இயல்பு. தொடர்ந்து சில நாள் மது அருந்தியபின் நோக்க, இரைப்பையின் உட்புறம் சிவந்து, புள்ளிபுள்ளியாகப் புண்பட்டிருந்தது. குடித்தவரோ தமக்கு நோவொன்றும் இல்லையென்றார். வலியில்லாமையால் கேடில்லை என்று எண்ணும் குடிகாரர்க்கு இதனினும் சிறந்த அறிவுரை யாது?

1834ஆம் ஆண்டில் கனடா சென்ற செயின்ட் மார்ட்டின் பின்னர் மருத்துவரிடம் மீண்டிலர். போமான்ட் செயின்ட் லூயிஸ் நகரில் குடியேறி, படைப்பணியை விடுத்துத் தனியே மருத்துவம் செய்தார். ஆண்டுதோறும் கடிதம் எழுதினார். பணம் தருவதாகச் சொன்னார். மனைவி மக்களைப் பிரிந்துவரத் தொழிலாளி இசைந்திலர். 1853ஆம் ஆண்டில் பனியுறைந்த படிகளில் வழுக்கி வீழ்ந்த போமான்ட், ஏப்ரல் 25ஆம் நாள் காலமானார். தொழிலாளியோ விறகு வெட்டியும் நிலம் உழுதும் வறுமையில் வாழ்ந்தார். 1856ஆம் ஆண்டில் ஒருவர் அவரை ஊர்தோறும் அழைத்துச் சென்று அவர் வயிற்றுத் துளையைக் காட்டிப் பொருளீட்ட முயன்றார். பிழையார் எனப்பட்ட அவர், வெடிபட்டபின் 58 ஆண்டுகள் வாழ்ந்து, 1880ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் கியூபெக் மாகாணத்தில் இறந்தார்.

இறந்த செய்தி பரவியதும் மருத்துவ உலகம் மறுபடியும் அவரை நாடிற்று. மாண்ட்ரியால் நகரிலிருந்த புகழ்வாய்ந்த மருத்துவர் வில்லியம் ஆஸ்லர், உடலைச் சோதித்து இரைப்பையைக் காட்சிச்சாலையில் வைக்க விரும்பினார். குடும்பத்தார் உடன்படவில்லை. வந்தால் உயிர்க்கு இடர் நேரும் என்று ஆஸ்லர்க்கு ஊரிலிருந்து தந்தி சென்றது. கோடைவெயிலில் உடல் சிதையும் அளவும் நாட்கடத்தி, எவரும் தோண்டி எடுக்கவியலாதபடி எட்டடி ஆழத்தில், அடையாளக் கல்லும் நாட்டாது, அவர்கள் புதைத்தனர். கனடா நாட்டு உடலியல் அறிஞர்கள் கூடி நினைவுப் பலகை ஒன்று வைத்தது 1962ஆம் ஆண்டில்.

இனி இவ்வரலாற்றை ஆராய்வாம். போமான்ட் கொடியரல்லர். அவர் இல்லையேல் அவ்விளைஞர் அன்றே மாண்டிருப்பார். ஊர் கைவிட்டவரை வீட்டிற் சேர்த்துக் காத்ததும் அவரே. நல்ல ஆய்கூடமும் பட்டமும் இல்லாத எல்லைப்புறத்தில், ஒரு வெப்பமானியும் சில புட்டிகளும் கொண்டு, பெரும் பல்கலைக் கழகங்கள் காணாததை அவர் கண்டார். வசதியில்லை என்று சோம்புவார்க்கு அவர் வாழ்க்கை சிறந்த பாடம். ஆனால், ஒருவர் செய்த நன்றி மற்றவருடைய உடம்பின்மேல் முடிவிலாத உரிமையைத் தருமோ? தாராது என்பதே எம் துணிபு. நன்றி உள்ளத்திற் பிறப்பது; அதனைச் சோதனையாகத் தண்டிப் பெறுதல் தகாது. பொருளும் கல்வியும் அற்றவரது இசைவு, இசைவாதற்கும் வறுமையாதற்கும் இடைப்பட்டு நிற்கும். எட்டடிக் குழியைத் தோண்டிய குடும்பத்தார் அறிவுக்குப் பகைவரல்லர். வாழ்நாளெல்லாம் பிறர் கண்ணுக்குத் திறந்து கிடந்த ஓருடம்பு, இறந்தபினேனும் மூடப்பட்டிருக்கட்டும் என்றே அவர் கருதினர் போலும்.

தம்முடம்பிலேயே சோதித்த அறிஞரும் உளர். ஸ்பல்லன்சானியை முன்னரே கூறினோம். நம் காலத்தில், ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் என்பார், இரைப்பைப் புண்ணிற்கு ஒரு நுண்ணுயிரே பெருங்காரணம் என்பதைக் காட்ட, 1984ஆம் ஆண்டில் அந்நுண்ணுயிர் வளர்ந்த நீரைத் தாமே பருகி நோயுற்றார். அவரும் அவருடன் ஆய்ந்த இராபின் வாரனும் 2005ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். எல்லா அறிஞரும் அங்ஙனம் செய்தல் இயலாது, வேண்டுவதும் இல்லை. பிறருடம்பைச் சோதிப்பார் அவருடைய மனமொத்த இசைவைப் பெறுதல் மட்டும் ஒருதலையாக வேண்டும். இரண்டாம் உலகப்போரிற் கைதிகள் மருத்துவச் சோதனையால் வதைக்கப்பட்ட பின்னர், 1947ஆம் ஆண்டில் நூரெம்பர்க் நகரில் தீர்ப்புரைத்த நீதிமன்றம் இதனை முதல் நெறியாக வகுத்தது. நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, புதுமருந்துச் சோதனைக்கு உட்படுவார் உண்மை அறிந்து எழுத்துமூலம் இசைதல் வேண்டும். சோதனையால் ஊறு நேரின் ஈடு பெறும் உரிமையும் அவர்க்கு உண்டு.

நம் சங்கத்துக் குடும்பங்களில் மருத்துவமும் செவிலித் தொழிலும் பயிலும் பிள்ளைகள் ஆண்டுதோறும் பெருகி வருதல் கண்டு மகிழ்கின்றோம். அவர்கள் பாடநூலில் இரைப்பை நீரைப் பற்றிப் படிக்கும்போது போமான்டின் பெயரோடு செயின்ட் மார்ட்டின் பெயரையும் நினைவில் இருத்துவாராக. நாளை தம்முன் வந்து நிற்கும் எழுத்தறியாத ஏழையிடம், செய்யப்போவது இன்னதென்று அவர் மொழியில் எடுத்துரைத்து, அவர் வாயால் விடை பெற்ற பின்னரே கைவைப்பாராக. கீறலிடும் கையை உடையாரும் நம் சுற்றத்தில் இன்னும் உளர். அவர்கட்கு எந்தத் தாளிலும் கீறலிடுமுன் அதனைப் படித்துக் காட்டுதல் கற்றார் ஒவ்வொருவர்க்கும் கடமையாகும்.